பழைய ஹார்டு டிஸ்க்கும் புது பைபரும்: வேகத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து நேரம் கணக்கிடுவது எப்படி?

பழைய ஹார்டு டிஸ்க்கின் ஸ்டிக்கரில் ஏடிஏ-100 என்று போட்டிருக்கும். பைபர் கனெக்‌ஷன் பில்லில் 100 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். இரண்டும் 100 தானே, டிஸ்க் எந்த வேகத்தில் கொடுக்கிறதோ அதே வேகத்தில் லைன் வாங்கிக்கொள்ளும் என்று பழைய டிஸ்க்கில் உள்ளதை ஆன்லைனில் ஏற்றும் இந்த வேலைக்கு முதன்முதலில் வருகிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த முதல் 100, இரண்டாவது 100-ஐப் போல எட்டு மடங்கு. போதாததற்கு, இரண்டுமே ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நடைமுறையில் ஓடுவதில்லை.

கொடைக்கானல் நகரத்திலும் பூம்பாறை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி போன்ற ஊர்களிலும் இந்தக் கணக்கு இப்போது நிறையவே தேவைப்படுகிறது. ஸ்டுடியோவில் 2003, 2005 வாக்கில் எடுத்த கல்யாணப் படங்கள், பள்ளிக்கூடத்துப் பழைய பதிவேடுகளின் ஸ்கேன், தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவுகள் என்று பலதும் அந்தக் காலத்து டிஸ்க்குகளில் முடங்கிக் கிடக்கின்றன. பைபர் வந்துவிட்டதால், எல்லாவற்றையும் ஆன்லைனில் ஏற்றிவிடலாம் என்று கேட்கிறார்கள். "எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" என்ற கேள்விக்குச் சரியான பதில் சொல்லத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், பழைய டிஸ்க்கை எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்று முடிவு செய்வது. இருபது வயதான டிஸ்க் சுழலும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்துதான். எந்தக் கட்டம் மெதுவானது என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்த மெதுவான கட்டத்தில் பழைய டிஸ்க்கைக் காக்க வைக்காமல் தப்பிக்கலாம். இவ்வளவு கணக்கும் அதற்காகத்தான்.

ஒரு நோட்டும் கால்குலேட்டரும் போதும்.

முதலில், வழியில் உள்ள எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்

டிஸ்க், அதன் கேபிள், அதை யுஎஸ்பியில் செருக உதவும் கன்வெர்ட்டர், கணினி, லேன் கேபிள், ரவுட்டர், பைபர் பெட்டி, பிளான். தரவு கடந்து போகும் வரிசையிலேயே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே குறியுங்கள். இப்போது எதையும் மாற்ற வேண்டாம்.

டிஸ்க்கின் வகையைப் பின்பக்கம் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டு வரிசையாக ஊசிகள் நின்றால் அது ஐடிஇ. ஏடிஏ என்பதும் அதுதான். எல் வடிவ மெல்லிய பிளவுகள் இருந்தால் சாட்டா. பழைய சர்வர்களில் இருந்து வந்தவற்றில் 50 அல்லது 68 ஊசிகள் இருந்தால் ஸ்கசி.

ஐடிஇ என்றால் கேபிளையும் பாருங்கள். பட்டை கேபிளில் 40 கம்பி, 80 கம்பி என்று இரண்டு வகை உண்டு. 80 கம்பி கேபிளில் கம்பிகள் நெருக்கமாக, மெல்லியதாக இருக்கும், மதர்போர்டில் செருகும் முனை பொதுவாக நீல நிறத்தில் இருக்கும். 40 கம்பி கேபிளைப் போட்டால் டிஸ்க் ஏடிஏ-100 ஆக இருந்தாலும் விநாடிக்கு 33 மெகாபைட்டுக்கு மேல் போகாது. ஸ்டிக்கரை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

பிட்டா, பைட்டா?

எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். இது எல்லோருக்கும் தெரியும். எந்த எண் பிட்டில் இருக்கிறது, எந்த எண் பைட்டில் இருக்கிறது என்பதில்தான் தடுமாற்றம். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது.

பல கம்பிகள் வழியாக ஒரே நேரத்தில் தரவை அனுப்பும் பழைய இணைப்புகளின் பெயரில் உள்ள எண், பைட் கணக்கு. ஐடிஇ டிஸ்க் ஒரு தடவைக்கு 16 பிட், அதாவது 2 பைட் அனுப்புகிறது. விநாடிக்கு 5 கோடி தடவை அனுப்பினால் 10 கோடி பைட், அதாவது 100 மெகாபைட். ஏடிஏ-100 என்ற பெயர் அப்படி வந்தது. ஏடிஏ-33, 66, 133 எல்லாமும் அப்படியே. ஸ்கசியில் அல்ட்ரா-160, அல்ட்ரா-320 என்பவையும் பைட் கணக்குதான்.

ஒரு ஜோடிக் கம்பியிலோ ஒரு கண்ணாடி இழையிலோ ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் இணைப்புகளின் எண், பிட் கணக்கு. சாட்டாவின் 1.5, 3, 6 ஜிகாபிட். யுஎஸ்பியின் 12, 480 மெகாபிட். ஈதர்நெட்டின் 100, 1000 மெகாபிட். பைபர் வழித்தடங்களின் எஸ்டிஎம், ஓசி எண்கள் (இவை என்ன என்று கீழே வருகிறது) எல்லாம் இந்த வகை. உங்கள் மாத பிளானில் உள்ள எண்ணும் பிட்தான்.

நோட்டில் எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிட் அல்லது பைட் என்று எழுதுங்கள். பிறகு எல்லாவற்றையும் விநாடிக்கு மெகாபைட் என்ற ஒரே அளவுக்கு மாற்றுங்கள். பிட்டை வைத்துக்கொண்டும் ஒப்பிடலாம், தப்பில்லை. ஆனால் கோப்புகளின் அளவு பைட்டில் இருப்பதால் இப்படிச் செய்தால் கடைசியில் ஒரு வகுத்தலை மிச்சப்படுத்தலாம்.

சுங்கத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. வெறுமனே 8-ஆல் வகுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் தன் வேலைக்கென்று கொஞ்சம் பிட்டுகளை எடுத்துக்கொள்கிறது, எடுத்துக்கொள்ளும் விகிதமும் ஒன்றுக்கொன்று வேறு. இந்தச் சுங்கத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் கோப்புக்கு.

சாட்டாவை எடுத்துக்கொள்வோம். ஒரே ஜோடிக் கம்பியில் பிட்டுகள் வரிசையாக வரும்போது, ஒரு பிட் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எதிர்முனைக்குத் தெரிய வேண்டும். அதற்கென்று தனியாகக் கடிகாரக் கம்பி கிடையாது. சிக்னல் மேலும் கீழும் மாறுவதை வைத்தே எதிர்முனை தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. தொடர்ந்து நூறு பூஜ்யங்கள் வந்தால் தாளம் தப்பிவிடும். அதனால் ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்புகிறார்கள்; இந்தப் பத்தில் சிக்னல் போதிய தடவை மாறும்படி பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே சாட்டாவில் 8-ஆல் வகுக்கக் கூடாது, 10-ஆல் வகுக்க வேண்டும். 1.5 ஜிகாபிட் என்பது 150 மெகாபைட். 3 ஜிகாபிட் 300 மெகாபைட். 6 ஜிகாபிட் 600 மெகாபைட். யுஎஸ்பி 3.0-இன் 5 ஜிகாபிட்டும் இதே முறை, அதனால் 500 மெகாபைட்.

யுஎஸ்பி 2.0 வேறு மாதிரி. 480 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 60 வருகிறது. ஆனால் அதன் விதிகளின்படி ஒரு விநாடியின் 8,000-இல் ஒரு பங்கு நேரத்துக்குள் 512 பைட் கொண்ட 13 பொட்டலங்கள்தான் நுழைய முடியும். பெருக்கினால் 53 மெகாபைட் சொச்சம். கடையில் வாங்கும் ஐடிஇ-யுஎஸ்பி கன்வெர்ட்டர்களில் 30 முதல் 35 வரைதான் எதிர்பார்க்கலாம். நான் எப்போதும் 30 என்றே கணக்கு வைப்பேன்.

இனி பைபர். தொலைபேசி நிறுவனங்களின் பழைய முதுகெலும்பு வழித்தடங்களில் எஸ்டிஎம் என்ற அளவு உண்டு. நம் நாட்டில் எஸ்டிஎம் என்பார்கள். அமெரிக்கக் கருவிகளில் ஓசி என்று இருக்கும். ஓசி எண்ணை 3-ஆல் வகுத்தால் எஸ்டிஎம் எண்: ஓசி-3 என்பது எஸ்டிஎம்-1, ஓசி-12 என்பது எஸ்டிஎம்-4, ஓசி-48 என்பது எஸ்டிஎம்-16. கல்லூரி, ஆய்வகம், வங்கி போன்ற இடங்களின் பழைய லைன் ஆவணங்களைப் பார்க்க நேர்ந்தால் இந்தப் பெயர்கள் எதிர்ப்படும்.

எஸ்டிஎம்-1 என்பது 9 வரிசை, 270 பத்தி கொண்ட ஒரு கட்டம். ஒவ்வொரு அறையிலும் ஒரு பைட். இப்படி விநாடிக்கு 8,000 கட்டங்கள் போகின்றன. தொலைபேசியில் பேச்சை விநாடிக்கு 8,000 தடவை அளந்து எண்ணாக்குகிறார்கள் என்பதால் இந்த எண் வந்தது. 270 × 9 × 8 × 8,000 என்று பெருக்கிப் பாருங்கள்: 15,55,20,000 பிட். அதுதான் புத்தகங்களில் காணும் 155.52 மெகாபிட். ஆனால் 270 பத்தியில் 9 பத்தி வழித்தட நிர்வாகத்துக்கும், இன்னொரு பத்தி பாதையைக் கண்காணிக்கவும் போய்விடுகிறது. மிச்சம் 260. ஆக உங்களுக்குக் கிடைப்பது 149.76 மெகாபிட், 8-ஆல் வகுத்தால் 18.72 மெகாபைட். இங்கே 8-ஆல் வகுப்பது சரி. சாட்டா போல 8-ஐ 10 ஆக்கும் வேலை இதில் இல்லை. பிட்டுகளைக் கலைத்துப் போட்டு அனுப்பி அதே காரியத்தைச் சாதிக்கிறார்கள்.

எஸ்டிஎம்-16-ஐயும் இரண்டாம் தலைமுறை சாட்டாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 2.488 ஜிகாபிட், மற்றொன்று 3 ஜிகாபிட். பார்த்த மாத்திரத்தில் சாட்டா ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடியது என்று தோன்றும். கழித்துப் பார்த்தால் எஸ்டிஎம்-16-இல் 299.52 மெகாபைட், சாட்டாவில் 300. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! இந்த ஒரு ஒப்பீட்டை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டால், இதற்குப் பிறகு ஸ்டிக்கர் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட மனம் வராது.

ஈதர்நெட்டில் ஒரு சட்டகத்துக்குள் 1,500 பைட் போகும். அதைச் சுற்றி முகவரி, சோதனை எண், இடைவெளி என்று 38 பைட். உள்ளே இருக்கும் 1,500-இலும் 40 பைட் இணைய முகவரிகளுக்கும் ஒழுங்குக்கும் போகிறது. ஆக 1,538-க்கு 1,460 தான் உங்கள் கோப்பு. நூற்றுக்கு 95 சொச்சம்கூட இல்லை, 94.9. ஜிகாபிட் லேனில் 125 மெகாபைட்டுக்குப் பதில் 118.7 கிடைக்கும். 100 மெகாபிட் லேனில் 11.9.

நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ள, எல்லாம் விநாடிக்கு மெகாபைட்டில், சுங்கம் போக:

பிஐஓ-4 ஐடிஇ (ஏடிஏ-33-க்கும் முந்தைய முறை): 16.7
எஸ்டிஎம்-1: 18.72
ஏடிஏ-33: 33.3
யுஎஸ்பி 2.0: விதிப்படி 53, கையில் 30
ஏடிஏ-66: 66.7
எஸ்டிஎம்-4: 74.88
ஏடிஏ-100: 100
ஜிகாபிட் ஈதர்நெட்: 118.7
ஏடிஏ-133: 133
சாட்டா முதல் தலைமுறை: 150
எஸ்டிஎம்-16: 299.52
சாட்டா இரண்டாம் தலைமுறை: 300

டிஸ்க் இணைப்புகளிலும் கட்டளைப் பரிமாற்றத்துக்கென்று இன்னும் சிறிது குறையும். நேரக் கணக்குக்கு அது பெரிதில்லை, ஏன் என்று கீழே வருகிறது.

ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நான்கா?

டிஸ்க் தயாரிப்பவர்களும் நெட்வொர்க்காரர்களும் ஒரு மெகா என்றால் 10 லட்சம் என்று வைத்துக்கொள்கிறார்கள். விண்டோஸ் 1,024-ஐ 1,024-ஆல் பெருக்கி 10,48,576 என்று வைத்துக்கொள்கிறது. அதனால்தான் 80 ஜிபி டிஸ்க்கைச் செருகினால் 74.5 ஜிபி என்று காட்டுகிறது. டிஸ்க்கில் குறை ஒன்றும் இல்லை. 8,000 கோடி பைட்டை 107,37,41,824-ஆல் வகுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1899-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கும் மேலாகத் தட்டுகளிலும் பிலிமிலும் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தது அங்கேதான். அந்தப் படங்களை டிஜிட்டலாக்கியபோது ஒரு படத்துக்கு 4,096-க்கு 4,096 புள்ளி, புள்ளிக்கு 16 பிட் என்று எடுத்தார்கள். பெருக்கினால் 3,35,54,432 பைட். விண்டோஸில் இது மிகச் சரியாக 32 எம்பி என்று தெரியும். லைனில் போகும்போது 33.55 மெகாபைட். ஒரு படத்தில் ஒன்றரை மெகாபைட் வித்தியாசம் ஒன்றுமில்லைதான். ஆயிரம் படத்தில் 1,554 மெகாபைட் ஆகிவிடும். எஸ்டிஎம்-1 லைனில் ஆயிரம் படம் அனுப்ப 1,792 விநாடி, அதாவது அரை மணிக்குச் சற்றுக் குறைவு. 32 என்று போட்டால் 1,709 விநாடிதான் வரும்.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது எளிது. விண்டோஸ் எம்பியில் காட்டினால் 1.05-ஆல் பெருக்குங்கள். ஜிபி என்றால் 1.074. டிபி என்றால் 1.1. டிபி அளவில் நூற்றுக்குப் பத்து வித்தியாசம் என்பது ராத்திரி முடிய வேண்டிய வேலை காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும் அளவுக்குப் பெரியது. கோப்பின் பண்புகளைத் திறந்தால் முழு பைட் எண்ணும் அடைப்புக்குறிக்குள் இருக்கும். அதையே எடுத்துக்கொண்டால் இந்தப் பெருக்கலே வேண்டாம்.

குறுகலான இடத்தைக் கண்டுபிடியுங்கள்

வத்தலக்குண்டில் இருந்து மேலே வரும் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஒரே ஒரு லாரிதான் திரும்ப முடியும் என்றால், கீழே நான்கு வழிச் சாலை இருந்தும் பயனில்லை. தரவுக்கும் அதுதான். நோட்டில் உள்ள எண்களில் மிகச் சிறியதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அந்த எண்ணைத் தவிர மற்றவற்றை நேரக் கணக்கில் மறந்துவிடலாம்.

ஆனால் பட்டியலில் இல்லாத இரண்டு குறுகல்கள் உண்டு.

ஒன்று, டிஸ்க்கே. ஏடிஏ-100, ஏடிஏ-133 என்பது கேபிளின் திறன். உள்ளே சுழலும் தட்டில் இருந்து தலை படிக்கும் வேகம் வேறு. 2000-களின் முற்பாதியில் வந்த மேசைக் கணினி டிஸ்க்குகள் வெளி விளிம்பில் விநாடிக்கு 40 முதல் 60 மெகாபைட் படித்தாலே அதிகம். உள்பக்கம் போகப் போக ஏறக்குறைய பாதியாகும். கணினிக்குள் நேரடியாகச் செருகினாலும் 100 வராது. கேபிளில் கட்டளைகளுக்குப் போகும் சில்லறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான்.

இன்னொன்று, அப்லோடு. பிளானில் பெரிய எழுத்தில் இருப்பது டவுன்லோடு வேகமாக இருக்கலாம். வீடுகளுக்கு வரும் பைபரில் பெரும்பாலும் ஜிபான் என்ற முறை. ஒரே இழையைக் கம்பத்திலோ பெட்டியிலோ 32 அல்லது 64 கிளையாகப் பிரித்து வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். கீழ்நோக்கி எல்லோருக்கும் சேர்த்து 2,488 மெகாபிட். எஸ்டிஎம்-16-இன் அதே எண். மேல்நோக்கி 1,244. அப்லோடுக்குச் சரி பாதி. 32 வீடும் ஒரே நேரத்தில் அப்லோடு செய்தால் ஒரு வீட்டுக்கு 38.88 மெகாபிட். எல்லோரும் ஒரே நேரத்தில் செய்வது அரிது, ஆனால் மே மாதச் சீசனில் ஹோம்ஸ்டேக்கள் நிரம்பியிருக்கும் இரவுகளில் ஏரிப் பக்கத்துத் தெருக்களில் வேகம் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். அதனால் ஸ்பீடு டெஸ்ட்டைக் காலையில் ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை, லேன் கேபிள் செருகியே எடுத்து, அப்லோடு எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். வைஃபையில் எடுத்த எண் வேண்டாம்.

அப்லோடு மெகாபிட்டைக் கோப்புக்கான மெகாபைட்டாக மாற்ற நான் 9-ஆல் வகுக்கிறேன். 8-ஆல் வகுத்தால் சுங்கம் விட்டுப்போகிறது; 9 என்று வைத்தால் அதுவும், வழியில் தொலைந்து மறுபடி அனுப்பும் பொட்டலங்களும் அடங்கிவிடும். 100 மெகாபிட் என்றால் 11.1. 40 மெகாபிட் என்றால் 4.44.

ஒரு கணக்கை முழுவதும் போட்டுப் பார்ப்போம்

ஸ்டுடியோ டிஸ்க், 80 ஜிபி, ஏடிஏ-100. விண்டோஸில் 70 ஜிபி நிரம்பியிருக்கிறது என்று காட்டுகிறது. 1.0737-ஆல் பெருக்கினால் 75.16 ஜிகாபைட், அதாவது 75,160 மெகாபைட். பிளானில் அப்லோடு 40 மெகாபிட்.

ஸ்டிக்கரை நம்பினால் 75,160-ஐ 100-ஆல் வகுத்து 12 நிமிடம் சொச்சம் என்று சொல்லிவிடுவோம். ஸ்டுடியோக்காரர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

யுஎஸ்பி 2.0 கன்வெர்ட்டர் வழியாகப் படித்தால் 30-ஆல் வகுக்க வேண்டும்: 2,505 விநாடி, 42 நிமிடம். அப்லோடுக்கு 4.44-ஆல் வகுத்தால் 16,928 விநாடி, 4 மணி 42 நிமிடம். வட்டம் போட வேண்டிய இடம் அப்லோடு.

இப்போது முடிவு தானாகவே வந்துவிடுகிறது. பழைய டிஸ்க்கைச் செருகி அதிலிருந்தே நேராக அப்லோடு செய்தால் அது நாலே முக்கால் மணி நேரம் சுழல வேண்டும். முதலில் புதிய டிஸ்க் ஒன்றுக்கு எல்லாவற்றையும் காப்பி செய்துவிட்டு, பழையதைக் கழற்றி உறையில் போட்டுவிட்டு, புதியதில் இருந்து அப்லோடு செய்தால் பழையது 42 நிமிடம்தான் சுழலும். மொத்த நேரம் முக்கால் மணி கூடுகிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த முக்கால் மணியில்தான் ஒரு குடும்பத்தின் படங்கள் பத்திரமாகின்றன.

அந்தக் காலத்துக் கணினியையே நெட்டில் இணைத்து அங்கிருந்து ஏற்றுவதையும் நான் தவிர்க்கச் சொல்வேன். அதன் லேன் போர்ட் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், பல பழைய இயங்குதளங்கள் எதிர்முனை "வந்து சேர்ந்தது" என்று சொல்வதற்கு முன் 65,535 பைட்டுக்கு மேல் அனுப்பாது. போய்த் திரும்ப 40 மில்லிவிநாடி ஆகும் சர்வர் என்றால், விநாடிக்கு 25 தடவைதான் அப்படி அனுப்ப முடியும். பெருக்கினால் 1.64 மெகாபைட். லைன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்கு மேல் போகாது. மேலே சொன்ன 75 ஜிகாபைட்டுக்கு 12 மணி 44 நிமிடம் ஆகும்.

சின்னக் கோப்புகள்

அந்தக் காலத்துக் கேமரா படம் ஒன்று ஒன்றரை மெகாபைட் என்று வைத்தால் 75 ஜிகாபைட்டில் 50,000 படங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றும்போது, கோப்பு திறப்பது, சர்வரிடம் கேட்பது, முடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் கால்வாசி விநாடி வீணானால்கூட மூன்றரை மணி நேரம் கூடிவிடும். அதனால் போல்டர்களைச் சேர்த்து ஒரு ஜிகாபைட் அளவில் கட்டுகளாக்குங்கள். ஜிப் செய்யும்போது சுருக்க வேண்டாம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை, மறுபடி சுருக்கப் பார்த்தால் நேரம்தான் போகும்.

ஒரு ஜிகாபைட் என்று சொல்வதற்கு நம் மலையில் இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையுமாக இருக்கும்போது மரம் சாய்ந்து கரண்டும் போகும், கம்பத்தில் தொங்கும் பைபரும் போகும். 4.44 மெகாபைட் வேகத்தில் ஒரு கட்டு ஏற 225 விநாடி. நடுவில் அறுந்தால் இழப்பு 4 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 20 ஜிகாபைட்டை ஒரே கோப்பாகக் கட்டினால், விட்ட இடத்தில் இருந்து தொடரும் வசதி இல்லாத சேவைகளில் ஒன்றேகால் மணி நேரம் வீண்.

பஸ்ஸில் அனுப்பினால்?

இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம். மதுரையில் நல்ல லைன் உள்ள உறவினர் வீடோ அலுவலகமோ இருந்தால், காப்பி எடுத்த டிஸ்க்கைக் கையில் கொண்டுபோவது பல நேரம் புத்திசாலித்தனம். பஸ்ஸில் 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 500 ஜிபி டிஸ்க் என்பது 40 லட்சம் மெகாபிட். 14,400 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 278 மெகாபிட். வீட்டு அப்லோடு எதுவும் பெரும்பாலும் இதை எட்டாது. நம் 75 ஜிகாபைட்டுக்கு அதே பஸ் 42 மெகாபிட் லைனுக்குச் சமம். அங்கே போய் இறக்கி வைக்க 42 நிமிடம் சேர்த்தால் 4 மணி 42 நிமிடம், பைபரில் ஆகும் அதே நேரம். ஆக இந்த அளவுக்குக் கீழே பைபர், மேலே பஸ் என்று என் கணக்கு. உங்கள் அப்லோடு எண் வேறாக இருந்தால் எல்லையும் மாறும். எப்படியானாலும் மூல டிஸ்க்கைப் பஸ்ஸில் ஏற்றாதீர்கள், காப்பியை மட்டும் கொண்டுபோங்கள்.

செருகுவதற்கு முன்பும் முடிந்த பின்பும்

ஈரப்பதம் நிறைந்த குளிர் அறையில் வருடக்கணக்காகக் கிடந்த டிஸ்க்கை, ஹீட்டர் ஓடும் அறைக்குக் கொண்டுவந்த உடனே செருகக் கூடாது. குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும். உறையோடு சில மணி நேரம் அறையிலேயே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

காப்பி ஓடும்போது வேகத்தைக் கவனியுங்கள். 30 என்று கணக்கிட்ட இடத்தில் 25 வந்தால் பரவாயில்லை. திடீரென்று 2, 3 என்று இறங்கினால் டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்று பொருள். டிக் டிக் என்று சத்தமும் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். சரியான எதிர்பார்ப்பு எண் கையில் இருந்தால்தான் இந்த அறிகுறி கண்ணில் படும்.

அப்லோடு முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த பைட்டையும் ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் முழு பைட் எண்ணாகவே எடுங்கள். ஒரு பக்கம் 70 என்றும் மறுபக்கம் 75.16 என்றும் காட்டினால் பயந்துவிட வேண்டாம், அது ஆயிரத்து இருபத்து நான்கு விவகாரம். முடிந்தால் ஒவ்வொரு கட்டுக்கும் செக்சம் (கோப்பின் எல்லா பைட்டிலிருந்தும் கணக்கிடும் சோதனை எண்) எடுத்து ஒரு தாளில் எழுதி, நாலைந்து கட்டுகளைத் திரும்ப இறக்கி அதோடு பொருத்திப் பாருங்கள். படங்களில் சிலவற்றைத் திறந்தும் பாருங்கள், குறிப்பாகக் கடைசி போல்டரில் இருப்பவற்றை. எல்லாம் பொருந்திய பிறகும் பழைய டிஸ்க்கை பார்மட் செய்ய வேண்டாம். தேதி, உள்ளே இருப்பது என்ன, காப்பி எங்கே இருக்கிறது என்று ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.